படிப்பகத்துக்கு வயதாகிவிட்டதா?

(நமது அறக்கட்டளையின் ஆண்டுக் குடும்பக் கூட்டத்தில், நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற வணிகவியல் பேராசிரியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)





நம் படிப்பகத்தைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். விஷயம் உங்களுக்குத் தெரியும். பள்ளிவாசல் தெருமுனையில் இருக்கும் அந்தக் கூடத்துக்கு இப்போது ஆள் வரவில்லை. அதை மூடிவிட்டுக் கடைக்கு வாடகைக்கு விடலாம், வரும் பணத்தை ஏழைப் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கொடுக்கலாம் என்பது ஒரு சாராரின் கருத்து. நம் பெரியவர்கள் செங்கல் சுமந்து கட்டியது, அதில் கை வைக்கக் கூடாது என்பது இன்னொரு சாராரின் கருத்து. இரண்டு பக்கமும் நல்ல நிய்யத்தோடுதான் பேசுகிறார்கள். ஆனால் சென்ற இரண்டு கூட்டங்களில் குரல் உயர்ந்ததே தவிர, முடிவு எட்டவில்லை.

நான் முப்பது வருடம் வணிகவியல் பாடம் நடத்தியவன். எங்கள் பாடத்தில் ஒரு பகுதி உண்டு. ஒரு பொருள் சந்தைக்கு வருவது, வளர்வது, நிலைப்பது, தேய்வது என்று அதன் ஆயுளை நான்காகப் பிரித்துப் பார்ப்போம். ‘பொருளின் வாழ்க்கைச் சுழற்சி’ என்று பெயர். சோப்புக்கும் காருக்கும் சொன்ன அந்தப் பாடத்தைப் பூங்கா, படிப்பகம், விளையாட்டுத் திடல் போன்ற பொதுச் சேவைகளுக்கும் பொருத்திப் பார்க்கலாம். பார்த்தால் நம் சண்டைக்கு ஒரு தெளிவு கிடைக்கும் என்று நினைக்கிறேன். அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

எஸ்.டி.டி. பூத்தின் கதை

பாடப் புத்தகத்தை விட்டுவிடுவோம். நம் வீடுகளுக்குத் தெரிந்த உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம்.

இங்கே இருக்கும் பல குடும்பங்களில் அத்தாவோ மாப்பிள்ளையோ அரபு நாட்டில் வேலை பார்த்தவர்கள். ஆரம்பத்தில் கடிதம்தான். பிறகு கேசட்டில் பேசிப் பதிவு செய்து, ஊருக்கு வருபவர் கையில் கொடுத்தனுப்பினோம். 1980-களின் கடைசியில் மஞ்சள் போர்டு போட்ட எஸ்.டி.டி. பூத் வந்தது. முதலில் கடைவீதியில் ஒன்றே ஒன்று. அங்கே போய்ப் பேசவே கூச்சம். இது முதல் கட்டம், அறிமுகம். பிறகு தெருவுக்கு ஒன்று வந்தது. கட்டணம் குறையும் இரவு நேரத்துக்காக வரிசையில் காத்திருந்தோம். இது வளர்ச்சி. அதற்குப் பிறகு இருந்த இடமெல்லாம் பூத். புதிதாகத் திறந்தவருக்கு ஆள் இல்லை. ஜெராக்ஸ் மிஷினும் குளிர்பானமும் சேர்த்து வைத்தால்தான் வாடகை கட்ட முடியும் என்று ஆயிற்று. இது முதிர்ச்சி. கைப்பேசி வந்தது, கண்ணாடிக் கூண்டுகள் பழைய இரும்புக் கடைக்குப் போயின. இது வீழ்ச்சி.

தந்திக்கும் இதே கதைதான். ஒரு காலத்தில் தந்தி வந்தது என்றாலே வீட்டில் அழுகை தொடங்கிவிடும். 2013 ஜூலையில் அந்தச் சேவையையே நிறுத்திவிட்டார்கள். நாடு முழுவதும் ஓடிய அம்பாசடர் காரின் உற்பத்தி 2014-ல் நின்றது.

இதை ஒரு வியாபார உத்தியாக விரித்து எழுதியவர்களில் முக்கியமானவர் ஹார்வர்டில் கற்பித்த தியோடர் லெவிட். அவருடைய கட்டுரை 1965-ல் வந்தது. அவர் சொன்னதன் சாரம் இதுதான்: எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்பதை முன்கூட்டியே அறிந்து திட்டமிடு. அறிமுகத்தில் நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். முதிர்ச்சியில் பொருளுக்குப் புதுப் பயனைத் தேட வேண்டும். ஆரம்பக் கட்டச் செலவைக் கண்டு பயந்து நிறுத்தினாலும் நஷ்டம்; கடைசிக் கட்டத்தை வளர்ச்சி என்று நம்பிப் பணத்தைக் கொட்டினாலும் நஷ்டம்.

1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பூங்கா, பொழுதுபோக்குத் துறைகளைப் பற்றி எழுதிய ஜான் கிராம்ப்டன் போன்றவர்கள், இந்தப் பாடத்தை உள்ளாட்சிச் சேவைகளுக்கும் பொருத்தினார்கள். 1980-ல் ரிச்சர்ட் பட்லர் என்ற புவியியல் அறிஞர் சுற்றுலாத் தலங்களுக்குப் பொருத்தினார். தேக்க நிலைக்கு வந்த ஊர் வீழ்ந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை, புத்துயிர் பெறவும் வழி உண்டு என்று அவர் வரைபடத்திலேயே கோடு போட்டுக் காட்டினார். அந்தக் கோட்டை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது தேவைப்படும்.

கடைக்கும் படிப்பகத்துக்கும் உள்ள வித்தியாசம்

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். கடைக்கு உரிய கணக்கை அப்படியே பொதுச் சேவைக்குப் போட்டால் தப்பான விடை வரும். மூன்று காரணங்கள்.

ஒன்று, கடையில் கல்லாப்பெட்டி பேசும். விற்பனை குறைந்தால் அன்று மாலையே முதலாளிக்குத் தெரியும். படிப்பகத்துக்கும் பூங்காவுக்கும் கல்லாப்பெட்டி கிடையாது. ஆள் குறைந்தது ஐந்து வருடம் கழித்து, யாராவது புகார் சொல்லும்போதுதான் தெரியும். அதற்குள் பழக்கம் விட்டுப்போயிருக்கும்.

இரண்டு, கடை ஓடவில்லை என்றால் மூடிவிடுவார்கள். பொதுச் சேவையை யாரும் மூடுவதில்லை, நடத்துவதும் இல்லை. ஊஞ்சலில் சங்கிலி இருக்கும், பலகை இருக்காது. பூங்காவின் கேட்டில் பூட்டு இருக்கும், சாவி யாரிடம் என்று தெரியாது. உயிரும் இல்லை, ஜனாஸாவும் இல்லை என்ற நிலை.

மூன்றாவதுதான் முக்கியம். ஒரு பொருள் தேயும்போது முதலில் விலகுபவர்கள் வசதியுள்ளவர்கள். அவர்கள் வீட்டிலேயே வைஃபையும் தனி அறையும் உண்டு. கடைசி வரை விடாமல் வருபவர் யார்? வேறு வழி இல்லாதவர். கடைக்காரர் பார்வையில் அவர் ‘மிச்சமிருக்கும் நாலு வாடிக்கையாளர்’. அறக்கட்டளையின் பார்வையில், யாருக்காக இதைத் தொடங்கினோமோ அவரே அவர்தான். ஆகவே எத்தனை பேர் வருகிறார்கள் என்று மட்டும் எண்ணாதீர்கள். வருபவர் யார், இது இல்லாவிட்டால் அவர் எங்கே போவார் என்றும் கேளுங்கள்.

நல்ல சாவும் உண்டு

சில சேவைகள் மறைவது நல்ல செய்தி. அதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது.

1924-ல் மதராஸ் மாகாண வானொலிக் கழகம் என்று ஆர்வலர்கள் சேர்ந்து ஒலிபரப்புத் தொடங்கினார்கள். பணம் இல்லாமல் மூன்று வருடத்தில் நின்றுபோனது. அவர்களிடமிருந்து கருவியை வாங்கி, 1930-ல் சென்னை மாநகராட்சி தானே ஒலிபரப்பு நடத்தியது. கடற்கரை, பூங்கா போன்ற பொது இடங்களில் ஒலிபெருக்கி வைத்து மாலையில் ஜனங்களுக்குப் பாட்டுக் கேட்க ஏற்பாடு செய்தார்கள். 1938-ல் அகில இந்திய வானொலி அந்தப் பொறுப்பை ஏற்றது. பிறகு கிராமங்களில் பஞ்சாயத்து ரேடியோ வந்தது. மாலையில் ஒலிபெருக்கியின் கீழே உட்கார்ந்து செய்தியும் வயலும் வாழ்வும் கேட்ட பெரியவர்கள் இங்கேயும் இருப்பீர்கள்.

பிறகு டிரான்சிஸ்டர் மலிவானது. வீட்டுக்கு வீடு ரேடியோ. 1975 ஆகஸ்ட் 15-ல் சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தது. சில வருடங்களில் பஞ்சாயத்துக் கட்டடத்தில் டிவி வைத்தார்கள், தெருவே கூடியது. 2006-ல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்துக்குப் பிறகு அந்த அறைகளின் தேவையும் போய்விட்டது.

பஞ்சாயத்து ரேடியோ தோற்றுவிட்டது என்று யாராவது சொல்வார்களா? அதன் வேலை முடிந்தது, அவ்வளவுதான். எல்லோருக்கும் எட்டாத ஒன்றைப் பொதுவில் வைத்தோம். எல்லோருக்கும் எட்டிய பிறகு எடுத்துவிட்டோம். நம் படிப்பகமும் அப்படிப்பட்டதுதானா? அதன் வேலை முடிந்துவிட்டதா? இதுதான் முதல் கேள்வி.

துணி துவைத்த இடத்தில் நீச்சல் குளம்

இரண்டாவது உதாரணம் இங்கிலாந்திலிருந்து. 1832-ல் லிவர்பூல் நகரத்தில் காலரா பரவியது. கிட்டி வில்கின்சன் என்ற ஏழைப் பெண்மணியின் வீட்டில் வெந்நீர் காய்ச்சும் கொப்பரை ஒன்று இருந்தது. நோயாளிகளின் துணிகளையும் படுக்கைகளையும் அங்கே கொண்டுவந்து துவைத்துக்கொள்ளும்படி அண்டை வீட்டாரை அவர் அழைத்தார். அந்த வேலையைப் பார்த்த நகர ஆட்சி, 1842-ல் பொதுக் குளியலறையும் துவைக்கும் கூடமும் சேர்ந்த ஒரு கட்டடத்தைத் திறந்தது. 1846-ல், உள்ளாட்சிகள் வரிப்பணத்தில் இவற்றைக் கட்டலாம் என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டது. ஊர் ஊராகக் கட்டினார்கள். 1878-ல் சட்டத்தைத் திருத்தி, கூரையிட்ட நீச்சல் குளத்துக்கும் வழி செய்தார்கள். குளிர்காலத்தில் குளத்தை மூடி, அந்தக் கூடத்தை உடற்பயிற்சிக்கும் பயன்படுத்திக்கொள்ள அனுமதி தந்தார்கள்.

பிறகு வீடுகளில் குளியலறை வந்தது. துணி துவைக்கும் மிஷின் வந்தது. துவைக்கும் கூடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஆனால் அதே சட்டத்தில் பிறந்த நீச்சல் குளம் மூடப்படவில்லை. அது பிள்ளைகள் நீந்தக் கற்கும் இடமாக, குடும்பங்கள் பொழுதைக் கழிக்கும் இடமாக வளர்ந்தது. ஒரே சட்டத்தில் வந்த இரண்டு சேவைகளில் ஒன்று முடிந்தது, இன்னொன்று தழைத்தது. ‘கட்டடம் கிழடாகிவிட்டது’ என்று மொத்தமாகப் பேசியிருந்தால் இந்த வித்தியாசம் கண்ணில் பட்டிருக்காது.

1930-களில் அங்கே திறந்தவெளி நீச்சல் குளங்கள் ஒரு அலையாக வந்தன. அந்த அலையும் ஓய்ந்தது. லண்டனில் பிராக்வெல் பூங்காவின் குளம் 1937-ல் திறந்தது, 1990-ல் மூடப்பட்டது. இனி யாருக்கு வேண்டும் என்று விட்டிருக்கலாம். சுற்றுவட்டார மக்கள் விடவில்லை. 1994-ல் மீண்டும் திறந்தது. கடலோர ஊரான பென்சான்ஸின் குளம் 1935-ல் கட்டியது. 2014 புயலில் பலத்த சேதம். ஊர் மக்கள் பங்கு போட்டுச் சங்கம் அமைத்து அதை நடத்த முன்வந்தார்கள். பூமிக்கடியிலிருந்து வரும் வெப்பத்தைக் கொண்டு ஒரு பகுதியை வெந்நீர்க் குளமாக்கி 2020-ல் திறந்தார்கள். பட்லர் மேல்நோக்கிப் போட்ட கோடு இதுதான்.

குளிர் தேசத்துக் குளத்தின் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். துவைக்கும் கூடம் என்பது ஒரு உருவம். சுத்தமாக இருக்க வேண்டும் என்பது தேவை. உருவத்துக்கு ஆயுள் உண்டு. தேவை அவ்வளவு சீக்கிரம் சாவதில்லை. சுத்தம் ஈமானில் சேர்ந்தது என்று சொல்லி வளர்ந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. பேப்பர் படிக்கும் பெஞ்சு உருவம். அமைதியாக உட்கார, தெரிந்துகொள்ள, நாலு பேரைப் பார்க்க ஒரு இடம் வேண்டும் என்பது தேவை.

நாமே தள்ளிய பள்ளம்

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயத்துக்கு வருகிறேன்.

1976-ல் தல்லா, யூஸ்பே என்ற இருவர் இந்த வாழ்க்கைச் சுழற்சிப் பாடத்தையே கடுமையாக எதிர்த்து எழுதினார்கள். அவர்கள் வாதம் இது: ஒரு பொருளின் விற்பனை ஒரு வருடம் தளர்ந்தவுடன் ‘வீழ்ச்சிக் கட்டம் வந்துவிட்டது’ என்று நிர்வாகி முடிவு செய்கிறார்; விளம்பரத்தையும் செலவையும் நிறுத்துகிறார்; அதனாலேயே பொருள் வீழ்கிறது; ‘பார்த்தீர்களா, நான் சொன்னேனே’ என்கிறார். நோய் இல்லாதவருக்குச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, இளைத்துவிட்டார் என்று சொல்வது போல.

ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன். மாதச் செலவு 6,000 ரூபாய், மாதம் 300 வருகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருகைக்கு 20 ரூபாய். வருகை 100-ஆகக் குறைந்தால் 60 ரூபாய். ‘ஐயோ, வீண் செலவு’ என்று பத்திரிகைகளை நிறுத்தி, செலவை 4,000-க்குக் குறைக்கிறோம். படிக்க ஒன்றும் இல்லாததால் வருகை 40-ஆகிறது. இப்போது ஒரு வருகைக்கு 100 ரூபாய்! சிக்கனம் செய்யச் செய்ய வீண் செலவு கூடுகிறது. கடைசியில் மூடுவதுதான் புத்திசாலித்தனம் என்று தோன்றும்.

நம் படிப்பகத்தில் நடந்தது ஏறக்குறைய இதுதான். யாரையும் குறை சொல்லவில்லை, ஏனென்றால் அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். சில வருடங்களுக்கு முன் நிர்வாகக் குழுவில் இருந்தபோது, வார, மாத இதழ்களை நிறுத்தலாம் என்ற தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். ‘எல்லோரும் போனில்தான் படிக்கிறார்கள்’ என்று பேசியதும் நான்தான். எத்தனை பேர் எந்த இதழைப் படிக்கிறார்கள் என்று ஒரு நாள்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை. வணிகவியல் வாத்தியார் கணக்குப் பார்க்காமல் கை தூக்கினேன். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

இந்த உரைக்காகச் சென்ற மாதம் ஒரு வாரம் தினமும் மாலை அங்கே போய் உட்கார்ந்தேன். பார்த்ததைச் சொல்கிறேன். திறக்கும் நேரம் மாலை ஐந்து முதல் எட்டு. நடுவில் மஃரிபுக்கு மூடினால், திறப்பவர் சில நாள் திரும்பி வருவதே இல்லை. இரண்டு டியூப்லைட்டில் ஒன்று எரியவில்லை. காலைப் பேப்பர் மாலை ஐந்து மணிக்குத்தான் படிக்கக் கிடைக்கிறது. அதற்குள் டீக்கடையில் படித்துவிடுகிறார்கள். இவ்வளவுக்குப் பிறகும் சிலர் வருகிறார்கள். கண் மங்கிய ஒரு பெரியவர் லைட்டுக்கு நேர் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டுப் படிக்கிறார். வீட்டில் இடமில்லை என்று ஒரு பாலிடெக்னிக் பையன் நோட்டுப் புத்தகத்தோடு வருகிறான்.

மூன்றாம் நாள், பள்ளிச் சீருடையில் ஒரு பெண் பிள்ளை தம்பியைத் தேடி வந்து வாசலில் நின்றது. அலமாரியைப் பார்த்துவிட்டு, “பெரியத்தா, இங்க பொம்பளைப் பிள்ளைங்க உட்காரலாமா?” என்று கேட்டது. எனக்குப் பதில் வரவில்லை. உட்காரக் கூடாது என்று நாம் எங்கும் எழுதி வைக்கவில்லை. உட்காரலாம் என்றும் இத்தனை வருடத்தில் ஒருவரும் சொன்னதில்லை. ஊரில் பாதிப் பேருக்கு இந்தச் சேவை இன்னும் அறிமுகமே ஆகவில்லை. அறிமுகமே ஆகாத ஒன்றை வீழ்ச்சிக் கட்டம் என்று எப்படிச் சொல்வது?

ஆளிடம் போன நூலகம்

நூலகத் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் சீர்காழியில் பிறந்தவர். அவர் 1931-ல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் கடைசி விதி, நூலகம் வளரும் ஓர் உயிர் என்பது. உயிர் என்றால் உருவம் மாறும். அதே 1931-ல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். ‘ஆள் வரவில்லை’ என்று சொல்லிக்கொண்டு அவர்கள் கட்டடத்துக்குள் உட்கார்ந்திருக்கவில்லை. 1948-ல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது. இன்றும் நாம் சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். எல்லாம் போனில் இருக்கிறது என்று சொல்லும் இந்தக் காலத்தில்தான் சென்னையில் 2010-ல் அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023-ல் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் திறந்தார்கள். அங்கே போய்ப் பாருங்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள், சொந்தப் புத்தகத்தோடு வருபவர்கள், சிறுவர் பகுதியில் குடும்பத்தோடு வருபவர்கள் என்று இருப்பார்கள். அவர்களில் பலர் தேடி வருவது ஒரு மேஜையும் நாற்காலியும் அமைதியும்தான்.

என்ன செய்யலாம்?

மூடுவதா வேண்டாமா என்று இன்று கை தூக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். அதற்கு முன் நான்கு கேள்விகளுக்கு விடை தேடுவோம்.

முதல் கேள்வி: இப்போது வருபவர் யார், எந்த நேரத்தில், எதற்காக? இதற்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும். பெயர்கூட வேண்டாம். மூன்று மாதம் எழுதி வைப்போம்.

இரண்டாவது: வராதவர் ஏன் வரவில்லை? இதை வருபவரிடம் கேட்டால் தெரியாது. வீடுகளுக்குப் போய்க் கேட்க வேண்டும். பெண்களிடம் பெண்கள் கேட்கட்டும். ‘தேவையில்லை’ என்பது ஒரு பதில். ‘நேரம் ஒத்துவரவில்லை’ என்பது வேறு பதில். முதல் பதில் வீழ்ச்சி. இரண்டாவது நம் நிர்வாகக் கோளாறு.

மூன்றாவது: அந்தத் தேவையை இப்போது வேறு யாராவது இதைவிட நன்றாகச் செய்கிறார்களா? அரசுக் கிளை நூலகம் அருகில் இருந்து, நம் பிள்ளைகள் தயங்காமல் போகிறார்கள் என்றால், இரண்டாவது கூடம் எதற்கு? அங்கே அழைத்துக்கொண்டு போய் உறுப்பினராக்குவதே நம் வேலையாக இருக்கலாம்.

நான்காவது: ஆறு மாதம் உருவத்தை மாற்றிப் பார்த்தால் என்ன ஆகும்? காலை ஆறரைக்குத் திறந்து ஒன்பது மணி வரை பெரியவர்களுக்குப் பேப்பர். பத்து முதல் ஒன்று வரை பெண்களுக்கு மட்டும், பொறுப்பாளரும் பெண். அஸருக்குப் பின் சின்னப் பிள்ளைகள். இஷாவுக்குப் பின் பத்து மணி வரை தேர்வுக்குப் படிப்பவர்கள். வாரத்தில் இரண்டு நாள், உதவித்தொகை விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்க ஒரு இளைஞர். எரியாத டியூப்லைட்டை இன்றைக்கே மாற்றிவிடலாம், அதற்குத் தீர்மானம் தேவையில்லை.

ஆறு மாதம் கழித்து நோட்டைப் பார்ப்போம். ஆள் வந்தால் தொடர்வோம். உண்மையாகவே முயன்றும் வரவில்லை என்றால், நான்தான் முதலில் மூடலாம் என்று கை தூக்குவேன். அப்போது அது கணக்குப் பார்த்துத் தூக்கிய கையாக இருக்கும்.

மூடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. மூன்று மாதம் முன்பே அறிவிக்க வேண்டும். புத்தகங்களைப் பள்ளிக்கோ கிளை நூலகத்துக்கோ கொடுக்க வேண்டும், எடைக்குப் போடக் கூடாது. கடைசி வரை வந்த அந்தப் பெரியவருக்கும் பையனுக்கும் மாற்று இடம் காட்டிவிட்டுத்தான் பூட்ட வேண்டும். இன்னொன்று: அந்த இடத்தை எழுதிக் கொடுத்தவரின் பத்திரத்தில் என்ன நோக்கம் எழுதியிருக்கிறது, அது வக்ஃபு சொத்தா என்பதைச் சட்டம் தெரிந்தவரையும் ஹஜ்ரத்தையும் வைத்துப் பார்க்காமல் கடைக்கு விடும் பேச்சே எடுக்கக் கூடாது. வியாபாரி தன் பொருளைத் தன் இஷ்டப்படி நிறுத்தலாம். நம் கையில் இருப்பது அமானத்.

இதே நான்கு கேள்விகளை வருடத்துக்கு ஒரு முறை நம் மற்றச் சேவைகளுக்கும் கேட்க வேண்டும். தையல் வகுப்பு முதிர்ச்சிக் கட்டத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். பழைய பாடத்தையே நடத்தாமல் புது வேலை வாய்ப்பைப் பார்க்க வேண்டிய நேரம். வாலிபால் திடல் வளர்ச்சியில் இருக்கிறது; இப்போதுதான் விளக்குப் போட வேண்டும், ஆர்வம் அடங்கிய பிறகு போட்டால் வீண். பெண்களின் காலை நடைக்கு இடம் கேட்டு வந்த மனு அறிமுகக் கட்டம். முதல் மாதம் ஐந்து பேர்தான் வருவார்கள், அதைப் பார்த்து நிறுத்திவிடக் கூடாது. மரணச் செய்தியை ஊர் முழுக்க ஆட்டோவில் அறிவிப்பது தேய்கிறது, போனில் வந்துவிடுகிறது. ஆனால் போன் இல்லாத முதியவர்கள் தனியாக இருக்கும் வீடுகள் எவை என்று பார்த்துவிட்டு நிறுத்துங்கள்.

பெரியவர்கள் கட்டியது என்று சொல்லும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. அவர்கள் கட்டிய காலத்தில் அந்தக் கூடம் ஊருக்கே புதுசு. பேப்பர் வாங்க வசதியில்லாத காலத்தில் பேப்பர் போட்டார்கள். அவர்களை மதிப்பது என்றால், இன்றைக்கு எது இல்லையோ அதைக் கொண்டுவருவதுதான். வாடகைக்கு விடலாம் என்று சொல்லும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. கல்லூரிக் கட்டணம் கட்டுவது பெரிய ஸதகா, மறுக்கவில்லை. ஆனால் கட்டணம் கட்டிய பிள்ளை இரவில் எங்கே உட்கார்ந்து படிக்கும் என்பதும் அதே செலவில் சேர்ந்ததுதான்.

அந்தப் பெண் பிள்ளைக்கு அன்று நான் சொன்ன பதில், “கேட்டுச் சொல்கிறேன்மா” என்பது. கேட்க வேண்டிய இடம் இந்தச் சபை. இன்று கேட்டுவிட்டேன். இன்ஷா அல்லாஹ், நல்ல பதிலோடு அதைப் பார்க்கப் போக எனக்கு வாய்ப்புக் கொடுங்கள்.

நம் எண்ணங்களை அல்லாஹ் சீராக்கி, இந்த அமானத்தைச் சரியாக நடத்தும் பாக்கியத்தைத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.

(உரைக்குப் பின் நடந்த கலந்துரையாடலில், ஆறு மாத மாற்று நேரத் திட்டத்துக்குச் சபை ஒப்புதல் அளித்தது. வீடுகளுக்குச் சென்று கருத்துக் கேட்க முன்வரும் சகோதரிகள் அறக்கட்டளை அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம்.)